தலைய எடுங்க சார்

அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா. ஏணி ஏறினால் வலிக்கும் முழங்கால் இப்போது எப்படி? அம்மா சுகமா? பினாங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை. தர்கா கந்தூரிக்குக் கட்டும் சீரியல் விளக்குப் பலகையில் மயிலை அணைத்துவிட்டு, அதே பல்புகளில் தாமரை காட்டுவீர்களே, என் ஆராய்ச்சியும் அப்படித்தான். வெறும் சிலிக்கான் தகட்டில் வெளிச்சத்தால் வளையங்கள் விழவைத்தால், கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலைகளுக்கு அது லென்ஸாகிவிடும். வளையங்களை மாற்றினால் வேறு லென்ஸ்.

என் ஆராய்ச்சியை மதிப்பிட வந்த டாக்டர் ஜெயராஜ் தகட்டின் மேல் குனிந்து, "லென்ஸ் எங்கமா? ஒன்னுமே இல்லையே லா" என்றார். அவர் தலை வெளிச்சத்தை மறைத்ததால் கணினித் திரையில் சிக்னலும் சரிந்தது. "பாத்தியா, வேலை செய்யல. ரெடிமேட் லென்ஸ் வாங்கிக்கோ, ஆராய்ச்சிய மாத்திக்கோ" என்று தலைப்பு மாற்றத்துக்கான ஒரு படிவத்தை நீட்டினார்.

"மாத்த மாட்டேன். நீங்க தலைய எடுங்க சார்" என்றேன். அவர் நிமிர்ந்ததும் சிக்னல் எழுந்தது. அப்போதும் படிவத்தைத் திரும்ப வாங்காமலே போய்விட்டார்.

இந்தக் கந்தூரிக்குப் பலகை ஏற்றும்போது வீடியோ அனுப்புங்கள். மேலே பாட்டுச் சேர்க்க வேண்டாம். நீங்கள் ஆட்களை அதட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

நான் ஏற வேண்டிய ஆயர் ஈத்தாம் பஸ் வந்துவிட்டது. படிவம் என் பையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

உங்கள் மகள்,
நஸீஹா