கண் தெளிந்த பிறகும் இருப்பது

கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கலக்கினால் ஒரு பச்சை வாடை வரும். இன்று காலை அது என் லேப்புக்குள் வந்தது. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண், கூடவே அவளுடைய மாமியார், மாமியார் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டிய கையோடு அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார். "கண்ணு தெளிஞ்சிருச்சு தம்பி. ஞாயித்துக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இன்னும் எதுக்கு இந்தப் புள்ளைக்கு ஊசியக் குத்துறீங்க?"

நான் குரலை உயர்த்திவிட்டேன். கண் தெளிந்தால் ரத்தம் தெளிந்துவிட்டதாக அர்த்தமா என்று கேட்டேன். அவர் பயந்துபோய்ப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்? நான் திட்டியது உன்னை. செத்துப்போனவனைத் திட்ட வழியில்லாமல், வருகிறவர் போகிறவர் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படியே போனால் மன்னார்குடியில் என்னிடம் ஒருவரும் ரத்தம் கொடுக்க வரமாட்டார்கள். அதனால் நேராக உன்னிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கும் இதே கதைதானே நடந்தது. கல்லூரியில் கடைசி வருஷம் மஞ்சள் காமாலை வந்து படுத்தாய். உப்பில்லை, எண்ணெய் இல்லை, காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி. உன் அம்மா உன்னை அறையை விட்டு நகரவிடவில்லை. நான் பார்க்க வந்த அன்றுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். நீ கீழ் இமையை இழுத்துக் காட்டினாய். "பாரு மாப்ள, எங்கயாச்சும் மஞ்ச தெரியுதா?" தெரியவில்லை. அன்று மத்தியானம் உங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. நானும் சாப்பிட்டேன். காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடுகிற ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. எந்தக் காமாலை, அது உண்மையிலேயே போய்விட்டதா என்று யாரும் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. கண் வெளுத்தால் வழக்கு முடிந்தது. டெல்டா முழுக்க இதுதான் சட்டம்.

இதை நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் விட்டுவிடுவேன். வைரஸ் என்றால் என்னவென்று ஊருக்கே பாடம் எடுத்தவன் நீ. கடைத்தெருவில் உன் உரக்கடையும் என் லேப்பும் இரண்டு கடை தள்ளித்தான் இருந்தன. கூட்டமில்லாத நேரங்களில் உன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூல் என்னுடையது. ஓர் ஐப்பசியில், கோட்டூர் பக்கத்து விவசாயி ஒருவர் பிடுங்கிய நெற்பயிரைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார். இலையெல்லாம் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

"ரெண்டு மூட்ட யூரியா கொடுங்க தம்பி. பயிரு வெளிறிப்போச்சு."

நீ இலையைத் திருப்பிப் பார்த்தாய். "இது பசிச்ச பயிரு இல்லண்ணே, நோவு கண்ட பயிரு. துங்ரோன்னு ஒரு வைரஸ் நோவு. யூரியாவப் போட்டா கொஞ்ச நாளைக்குப் பச்ச காட்டும். அந்தப் பச்சைக்கு இன்னும் தத்துப்பூச்சி வந்து எறங்கும், பக்கத்து வயலுக்கும் கொண்டுபோவும். பச்ச வந்துட்டா வைரஸ் போயிடுச்சுன்னு அர்த்தமா?"

யூரியா தர மாட்டேன், பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள், நோய் கண்ட பயிரைப் பிடுங்கிப் புதையுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய் மூட்டையை வாங்கி வண்டியில் ஏற்றினார். நீ அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கண்ணுக்குத் தெரியறதத்தான் மாப்ள நம்புவாங்க." அன்றைக்குத்தான் துங்ரோ ஒரே வைரஸ் இல்லை, இரண்டு என்று எனக்கு விளக்கினாய். ஒன்றுக்குப் பூச்சியின் மேல் ஏறிப் பயணம் போகத் தெரியும், பயிரை அவ்வளவாகக் கெடுக்கத் தெரியாது. இன்னொன்றுக்குக் கெடுக்கத் தெரியும், துணையில்லாமல் பயணம் போகத் தெரியாது. "நம்ம ரெண்டு பேர் மாதிரி," என்று சொல்லி நீயே சிரித்தாய்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து, உன் வயலுக்கு நடவுக்கு வரும் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. நீதான் முதல் ஆளாக ஓடினாய். ரத்தத்தைச் சோதித்தவர்கள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நேராக என்னிடம் வந்தாய். நானும் பரிசோதித்தேன். ஹெபடைடிஸ் பி. கல்லூரிக் காலத்தில் ஆட்டுக்கறி வைத்து வழியனுப்பினோமே, அது போகவேயில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே மாப்ள. கண்ணப் பாரு," என்றாய்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உனக்குச் சொன்னேன். கல்லீரல் செல்லில் ஒரு கதவு இருக்கிறது. குடலிலிருந்து திரும்பி வரும் பித்த உப்பை உள்ளே வாங்குவதற்காக உடம்பு வைத்திருக்கும் கதவு. இந்த வைரஸ் அதே கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் மேலுறையைக் கழற்றிவிட்டு, செல்லின் உட்கருவுக்குள் தன் இழையை ஒரு வளையமாக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. செல்லுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தன் சொந்த உத்தரவு என்று நினைத்து, அந்த வளையத்தைப் படித்துப் படித்துப் புது வைரஸ்களைச் செய்து கொடுக்கிறது. வைரஸ் செல்லைக் கொல்வதுகூட இல்லை. கொல்வது நம் உடம்பின் காவல்தான். எப்போதாவது விழித்துக்கொண்டு, திருடன் இருக்கும் வீட்டையே இடித்துப்போடுகிறது. அப்படி இடிக்கும்போது வருவதுதான் காமாலை. இடிப்பது நின்றால் கண் வெளுத்துவிடும். வளையம் அங்கேயேதான் இருக்கும். இடித்த இடமெல்லாம் தழும்பாகி, தழும்பு ஏறி ஏறிக் கல்லீரல் கல்லாகிவிடும்.

நீ, "அப்ப பட்டா என் பேர்ல இருக்கு, சாகுபடி அவன் பண்றான்," என்றாய். "ஜமாபந்தியில மனு கொடுத்தாலும் காலி பண்ண மாட்டானா?"

"மாட்டான். ஆனா வெதைக்க விடாமப் பாத்துக்கலாம். தெனம் ஒரு மாத்திரை. ஒரு நாள் விட்டாலும் வரப்புல ஏறி நிப்பான்."

சிரித்தாய். சிரித்ததால் உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையிலேயே புரிந்தும்தான் இருந்தது, அதுதான் கொடுமை. துங்ரோவில் கெடுக்கிற அந்த வைரஸும் உன் கல்லீரலில் இருந்ததும் பிழைக்கும் வழியில் தூரத்து உறவு. இரண்டும் உட்கருவில் வளையமாக உட்கார்கின்றன. இரண்டும் ஆர்.என்.ஏ. வழியாகச் சுற்றி வந்துதான் தங்கள் டி.என்.ஏ.வை மறுபடி எழுதிக்கொள்கின்றன. இதை நான் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டாய். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் என்றாய். பிறகு, உன் கதையை விட்டுவிட்டு நெல்லின் கதையை மட்டும் சொன்னாய்.

தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். வீட்டில் தெரியக்கூடாது என்று அட்டையைக் கடையில், பூச்சிமருந்து பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தாய். மனைவிக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் அழைத்து வந்தாய். உரக்கடைக்காரர் வீட்டுக்கெல்லாம் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று என் எதிரிலேயே கூசாமல் புளுகினாய். அவளும் நம்பிக் கையை நீட்டினாள். அதுவரை சரி. உன் தம்பி விஷயத்தில்தான் நீ அசையவில்லை.

அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கலாம், அப்படியானால் தம்பிக்கும் இருக்கலாம், அவனைக் கூட்டிவா என்று எத்தனை முறை சொன்னேன்! உன் அம்மா வயிறு வீங்கித்தான் போனார். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. "அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம் மாப்ள. ஊர்ல என்ன பேசுவான்னு ஒனக்குத் தெரியாதா? எய்ட்ஸுக்கும் இதுக்கும் எவனுக்கு வித்தியாசம் தெரியும்? கல்யாணம் முடியட்டும்." இந்தப் பெண் பார்ப்பதும் வருஷக்கணக்கில் முடியவேயில்லை. ஒரு சம்பாவுக்கு ஒரு ஜாதகம் வந்து போனது.

பிறகு அந்த ரிப்போர்ட் வந்தது. என் லேப் வழியாகத்தான் சென்னைக்குப் போய் வந்தது. ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், மாத்திரை வேலை செய்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன். நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய். என்னிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. யூரியா போட்ட பயிரைப் பார்த்து ஏமாந்த விவசாயியை அத்தனை பேச்சுப் பேசியவன், ஒரு தாளைப் பார்த்து ஏமாந்தாய். விதைப்பு நின்றதைப் பார்த்து ஆளே போய்விட்டான் என்று நினைத்தாயா? ஊருக்குத்தான் உபதேசமாடா?

திரும்பி வந்தபோது வெள்ளமாகத்தான் வந்தது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கும்படி உன்னைத் திட்டினேன். ஏன்டா நிறுத்தினாய் என்றதற்கு, "இல்லேன்னு நீதானே ரிப்போர்ட்டு கொண்டாந்து கொடுத்தே," என்றாய். அதைச் சொல்லும்போதும் சிரிப்பு. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள," என்றாய். நான் சரியென்று சொல்லும்வரை விடவில்லை. தை அறுவடைக்கு முன்னால் போய்விட்டாய்.

உன் தம்பி கடையில் உட்கார ஆரம்பித்தான். நான் ஏதேதோ காரணம் சொல்லி அவனை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டேன். சர்க்கரை பார்க்கலாம் என்றேன். நாற்பதை நெருங்குகிறாய், எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். "எனக்கு என்னண்ணே? கல்லைத் தின்னாலும் செரிக்குது," என்றான். மறுபடி மறுபடி போனேன். ஒரு நாள் அவனுக்கே கோபம் வந்துவிட்டது. "அண்ணன் போன வீடு இது. நீங்க எப்பப் பாத்தாலும் ஊசியோட வந்து நிக்கிறீங்க," என்றான். உனக்குக் கொடுத்த வார்த்தைக்கும் அவன் உயிருக்கும் நடுவில் அந்தக் கோடை முழுக்கச் சிக்கித் தவித்தேன். எவ்வளவு சௌகரியம் உனக்கு! என் வாயைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டாய்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. கடையில் கூட்டமில்லாத ஒரு நாள் போய் உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆமாம், வார்த்தை தவறிவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு என்னோடு லேப்புக்கு வந்தான். அவனுக்கும் இருந்தது. ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு, "அண்ணனுக்கு இது எனக்கும் இருக்கலாம்னு தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒன் கல்யாணத்துக்காகத்தான் மறைச்சான்," என்றேன். "கல்யாணம் பண்ணிக்க நான் இருக்க வேணாமாண்ணே?" என்றான். அவன் அழவில்லை. நீ இருந்திருந்தால் அன்றைக்கு உன்னை அடித்திருப்பான், நானும் தடுத்திருக்க மாட்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டார். தழும்பு இன்னும் பெரிதாக ஏறவில்லை. அவனுக்கும் மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டுக்கு அவனே போய்ச் சொன்னான். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பிறகு சொல்லவேயில்லை. நீ பயந்தது முழுப் பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் நடந்ததையும் நீ கேட்க வேண்டும்.

சம்பா விதைக்கு ஆட்கள் வரும் நேரம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உன் தம்பி எல்லோர் எதிரிலும் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். வடுவூர்ப் பெரியவர் ஒருவர், "என்னப்பா மாத்திரை?" என்று கேட்டார்.

"கல்லீரல்ல வைரஸ் மாமா. அண்ணனுக்கு இதான். எனக்கும் இருக்கு. தெனம் போடணும்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். பெரியவர், "அடடா. நேரத்துக்குப் போட்டுடு," என்றார். பிறகு, "சி.ஆர். நெல்லு வெத வந்துட்டுதா?" என்று கேட்டார். இவன் எழுந்து மூட்டை எடுக்க உள்ளே போனான்.

அவ்வளவுதான்டா. நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ரகசியத்துக்கு ஊர் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான். நான் லேப்புக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

இப்போது தினமும் கடை திறந்ததும் போய் அவன் எதிரில் நிற்கிறேன். "போட்டியா?" என்று கேட்பேன். "போட்டேண்ணே," என்பான். சலித்துக்கொள்ளாமல் சொல்கிறான். குரல் அப்படியே உன் குரல்.