மீன் குழம்போடு ரீஸ்லிங்

அனுசூயா,

இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை, பிள்ளையார் மேல் ஆணை.

"காரம் பட்டா சம்பந்தமே வேணாம்னு லவாலுக்கே திரும்பி ஓடிடுவாங்க" என்று காலையில் சண்டை போட்டாய். ஓட மாட்டார்கள். இன்று நம் மகள் சஹானாவுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் அப்பா அம்மாவுக்கு உன் மீன் குழம்புதான், கூடவே ஜெர்மன் ரீஸ்லிங் ஒயின். அதன் லேசான இனிப்பு மிளகாயை அடக்கும், அதன் புளிப்பு நம் புளிக்கு ஈடுகொடுக்கும்.

ஜெர்மனியில் இந்த ஒயினுக்கான திராட்சை விளையும் தோட்டம் சுவர் மாதிரி செங்குத்து. கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் பறிப்பார்கள். ஆபீஸ் வேலையாகப் போனபோது, நீ கட்டிக்கொடுத்த குழம்பை அப்படித் தொங்கிய ஒருவரிடம் நீட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டவர், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிக்கக் கயிற்றை விட்டுவிட்டார். விழுந்த இடத்திலிருந்தே இன்னொரு கரண்டி கேட்டார்.

மீன் வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறேன். புளியை ஊறவை. பாஸ்தா கிண்டாதே.

மாணிக்கம்

பி.கு.: பாட்டிலைப் பால்கனிப் பனியில் செருகியிருக்கிறேன். நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிடு, உறைந்துவிடும்.

இன்னொன்று. கோவிட் வந்து போனதிலிருந்து எனக்கு வாசனையும் தெரிவதில்லை, ருசியும் தெரிவதில்லை.