அப்பீல் போட்டுவிட்டேன், தம்பி

அனுப்பர்பாளையம்,
திருப்பூர்.

தம்பி சகாயராஜுக்கு அண்ணி பாக்கியசெல்வி எழுதுவது. இங்கே நானும் மகள் ஆஷாவும் உயிரோடு இருக்கிறோம். மஸ்கட்டில் உனக்கு வேலை வசதியாக இருப்பதாக உன் மாமியார் சொன்னார். போனில் உன் குரலைக் கேட்க எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம்.

விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்று கான்ட்ராக்டர் நல்லான் மாலையும் கழுத்துமாக ஜீப்பில் ஊர்வலம் போனான். கம்பெனி வேனில் பெண்பிள்ளைகள்மேல் கை வைத்ததைத் தட்டிக் கேட்டதற்காக, உன் அண்ணனைக் கம்பெனி வாசலிலேயே வெட்டிச் சாய்த்தவன். அவன் ஆட்கள் நம் தெருவில் லட்டு கொடுத்தார்கள். என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். சாக்கடையில் வீசிவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நெய் வாடை போகவில்லை.

அவனாவது அந்நியன். நீ கூண்டில் ஏறி, "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லய்யா" என்றாயே! ரத்தம் வழிய அண்ணனை மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனவன் நீ.

ஒடிசாவிலிருந்து வந்த கம்பெனி டெய்லர் மினதி நமக்கு என்ன உறவு? அவள் நல்லானைக் கைகாட்டி, "இவன்தான்" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்ததில் எத்தனை மணிக்கு நடந்தது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். கூடப்பிறந்தவனே பார்க்காததை இவள் எப்படிப் பார்த்தாள் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

அரசாங்கம் அப்பீல் போடும் என்று அலைந்து பார்த்தேன். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றே இழுத்தடித்தார்கள். வக்கீல் சாரதாமணிதான், "ஏனுங்க, அவிய போடாட்டி என்னங்க? செத்தவரோட சம்சாரம், நீங்களே ஹைகோர்ட்ல போடலாமுங்க" என்றார். சென்னைக்கு ரயிலேறிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் அப்பீலை ஏற்றுக்கொண்டு நல்லானுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

"விட்டுரச் சொல்லுங்க" என்று உன் மாமியாரிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். விடமாட்டேன். பயப்படாதே, உன்னைக் கூப்பிட மாட்டார்கள். பெரும்பாலும் பழைய சாட்சியத்தைத்தான் திரும்பப் படிப்பார்களாம். மினதி சொன்னதை அவர்கள் நிதானமாகப் படிக்கட்டும்.

உனக்கு ஆண்குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் நினைவாக ஆரோக்கியராஜ் என்று பெயர் வைக்கப் போகிறாயாம். வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். உன் பொய்யை வாழ்நாளெல்லாம் பெயராகச் சுமக்க, அந்தப் பச்சைமண் என்ன பாவம் செய்தது? மாதா அவனை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். வேறு நல்ல பெயராகப் பார்த்து வை.

இப்படிக்கு,
ஆரோக்கியராஜின் மனைவி
பாக்கியசெல்வி