செவ்வாயின் பாதை

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. ஹரியின் அம்மா இன்று பாலக்காட்டிலிருந்து ஹரியோடு எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். நானும் ஹரியும் கொச்சங்காடியில் ஒரே பள்ளியில் அறிவியல் நடத்துகிறோம். கல்யாணத்தை நாங்களே எப்போதோ முடிவு செய்துவிட்டோம்.

சாயா டம்ளரைத் தொடாமலே அவர் சொன்னார்: "பொண்ணு ஜாதகத்துல ஏழாம் இடத்துல செவ்வாய் இருக்கே. எம் பிள்ளை உசிருக்கே ஆபத்துன்னு ஜோசியர் சொல்றார்."

அப்பா பரிகாரம் உண்டா என்று கேட்டார். நான் குறுக்கிட்டேன்.

"மாமி, செவ்வாய் வட்டமா சுத்தறதுன்னு போட்ட கணக்கெல்லாம் தப்பிண்டே இருந்தது. அதை விடாம பார்த்துதான் கிரகங்கள் நீள்வட்டத்துல சுத்தறதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சது. அது யாரையும் கொல்லலை. ஹரியே இதைக் கிளாஸ்ல நடத்தறார், கேளுங்கோ."

எல்லோரும் ஹரியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். மாமி எழுந்துவிட்டார்.

சற்றுமுன் ஃபோன் செய்தான். "அம்மாகிட்ட நாளைக்குப் பேசறேன்."

"தோஷத்தை நீ நம்பறயா?" என்று கேட்டேன்.

"நம்பலை," என்றான். "ஆனா, ஒருவேளை ஏதாவது ஆயிட்டா?"

ஃபோனை வைத்துவிட்டேன். இப்போது மறுபடி அடிக்கிறது. எடுக்காவிட்டால் அப்பா விழித்துக்கொள்வார்.