கம்பியோரத்து நெட்டைக்கொக்குகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

"டீச்சர், வளந்தது என் தப்பா? எனக்கு மட்டும் எப்பவும் ஏன் கடைசி பெஞ்ச்?" ஏழாம் வகுப்பில் நெட்டைக்கொக்கு என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் ஒருமுறை கேட்டாள். "பின்னாடி இருக்கறவங்களுக்கு போர்டு மறைக்குமேடி" என்றேன். இன்று பால்கனியில் தொட்டிகளை வரிசையாக வைக்கும்போது அவள் ஞாபகம்.

செடிக்கடையில் நிழலில் வாழும் சாதுக்களைத் தொடவே இல்லை. எல்லாம் வெயில் பைத்தியங்கள் — பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி, எலுமிச்சைப் புல், நரிவால் மாதிரிக் கதிர் விடும் ஊதாப் புல். வைத்தால் வருடக்கணக்கில் இருக்குமாம். என் வயதுக்கு அதுதான் சரி. வருடா வருடம் புது அட்மிஷன் போட முடியாது!

பிப்ரவரி 4, புதன்

நாத்தனாரும் நானும் மட்டும் இருக்கும் இந்த வீட்டில் வெயில் வருவது பால்கனிக்குத்தான், அதுவும் காலையில். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் மொட்டைமாடி ஏற முடியாது. துணி காயவைக்க அவளுக்கும் அதே இடம்தான் வேண்டும்.

"அண்ணி, இருபத்திரண்டாம் தேதிக்குள்ள பத்துமணிப் பூ ஒண்ணாவது விரியட்டும். இல்லேன்னா தொட்டியெல்லாம் காலி. துணிக்கொடி கட்டிடுவேன்."

"விரியும் பாரு."

"உங்க கிளாஸ் பசங்க பாஸாவாங்கன்னும் இப்படித்தான் சொல்வீங்க."

கொழுப்பு!

பிப்ரவரி 9, திங்கள்

மொட்டு! மொட்டு! மொட்டு!

பிப்ரவரி 14, சனி

மொட்டு மொட்டாகவே இருக்கிறது. தண்ணீர் அதிகமா? தொட்டி அடியில் ஓட்டை இருக்கிறது, மண்ணில் மணலும் கலந்தேன். என்னதான் வேணும் உனக்கு, சொல்லித் தொலையேன்! புல் மட்டும் தளதளவென்று நிற்கிறது.

நாத்தனார் நைலான் கயிறு வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறாள். அவளுக்குப் பதிலாகக் கயிறு பேசுகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் பால் வாங்கிவிட்டு, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்தேன். முதுகில் வெயில் சுள்ளென்று. மேலே — புல். புல். வெறும் புல். பூச்செடி ஒன்றுகூடத் தெரியவில்லை!

அட மண்டு! அறைக்குள்ளிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, குட்டைகளை முன்னால் வைத்து நெட்டைகளைப் பின்னால் கம்பியோரம் நிறுத்தியிருக்கிறேன், வகுப்பு போட்டோ மாதிரி. இந்தப் பிள்ளைகளுக்கு போர்டு வானத்தில் அல்லவா இருக்கிறது! நெட்டைக்கொக்குகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் மறைத்திருக்கின்றன.

தெருவிலேயே நின்று சிரித்தேன். "என்னம்மா ஆச்சு?" என்றார் பால்காரர்.

"சீட் மாத்தணும்!"

மேலே ஓடி, தொட்டிகளைத் தரதரவென்று இழுத்தேன்: குட்டைகள் கம்பியோரம், நெட்டைகள் சுவரோரம்.

"அண்ணி, என்ன பூகம்பமா?"

பிப்ரவரி 21, சனி

நாளை கெடு. இன்று பார்த்து வானம் மூடிக்கிடக்கிறது. அநியாயம்!

பிப்ரவரி 22, ஞாயிறு

"அண்ணீ!"

விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடினேன். கையில் ஈரத்துண்டோடு பால்கனியில் நிற்கிறாள். கம்பியோரம் ரோஜா நிறத்தில், மஞ்சளில் — விரிந்து சிரிக்கின்றன!

"ஒண்ணு கேட்டா இத்தனையா? திமிரு, அப்படியே உங்களை மாதிரி."

"மத்தியானம் மூடிக்கும். அப்புறம் கம்பி பூரா உன் துணிக்குத்தான். காத்து வரும், காஞ்சிடும்."

அவள் கயிற்றை எடுத்து, வழியில் சாய்ந்த எலுமிச்சைப் புல்லைக் கட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உங்க கடைசி பெஞ்ச் புல்லு கழுத்துல கிச்சுகிச்சு மூட்டுது அண்ணி" என்று முறையிட்டபடி இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

தொட்டி வைக்கப்போகிறவர் யாரானாலும் சரி: முதலில் வெயில் வரும் பக்கம் போய் நின்று, உங்கள் பால்கனியை ஒருமுறை பாருங்கள்.