தட்டிப் பார்த்த இடம்

ஆனி, வியாழன் இரவு

பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாக ஒட்டிச் சரிசெய்தார். நாளைக் காலை பூசை போட்டுக் கடலில் இறக்குகிறார்.

சாயங்காலம் படகுக்கு மஞ்சள் பூசும்போது, எஞ்சின் மாட்டும் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் டங்கென்றது. அங்கே மட்டும் தொப்பென்றது.

“பைபருக்கு உள்ள இருக்குற பலகை மக்கிப்போயிருக்குங்க” என்றேன்.

“நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காத. எல்லாம் நான் பாத்துட்டேன்” என்றார். தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நடுக்கடலில் எஞ்சினோடு அது பிய்த்துக்கொண்டு போனால்...

அவர் தூங்கிய பிறகு, எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. மீன்பிடிக்கிற வீட்டில் கயிற்றுக்கா பஞ்சம்?