கருமாதியன்று திறந்த கூண்டு

என் அக்கா தமிழரசிக்கு,

இதை நீ கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது நான் கோபமாகப் பேச வாயெடுத்தாலே அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாய். இப்போது அந்தச் சாக்கு உனக்கு இல்லை.

முதலில் சேதி சொல்லிவிடுகிறேன். உன் லவ் பேர்ட்ஸில் மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நன்னிலத்தில் என் வீட்டு மாடியில், கம்பி வலை அடித்த சின்னக் கூண்டில் இருக்கின்றன. எல்லாம் உன் மாசி மாதத்துக் குஞ்சுகள். இறக்கை முளைத்து, மூக்குக்கு மேல் நிறம் தெளிந்து, எது ஆண் எது பெட்டை என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டன. ஆடி பிறந்துவிட்டதே, முட்டை வைக்கப் பானை கட்டலாமா என்று என் மகள் கயல் கேட்டாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வயது நிரம்பாத பெட்டையை முட்டைக்கு விட்டால் அது தாங்காது என்று நீதானே சொல்வாய்?

உன் சட்டதிட்டம் எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தை பிறந்து மழை விட்டுப் பனியும் குறைந்த பிறகு பானையை மாட்டுவாய். பங்குனி முடிவதற்குள் கழற்றிவிடுவாய், சித்திரை வெயிலில் பானைக்குள் குஞ்சு வெந்துபோகும் என்று. குறுவைக் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் இன்னொரு முறை மாட்டுவாய். அந்தப் பால் கதிரை ஊட்டித்தான் உன் பறவைகள் குஞ்சை வளர்த்தன. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மறுபடியும் கழற்றிக் கழுவிக் கவிழ்த்துவிடுவாய். உன்னிடம் குஞ்சு வாங்கி விற்கிற திருவாரூர் கடைக்காரர் வருஷம் முழுக்கப் பானையை விட்டுவைத்தால் இரண்டு பங்கு குஞ்சு கிடைக்குமே என்று கேட்டதற்கு நீ சிரித்துக்கொண்டே மறுத்தாயாம். பானை கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பெட்டை முட்டை வைத்துக்கொண்டேதான் இருக்கும், போதும் என்று அதற்குத் தெரியாது, நாம்தான் எடுத்து வைக்க வேண்டும் என்றாயாம்.

ஜோடிகளை விடப் பானைகள் கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். ஒன்று மேலே இருந்துவிட்டால் அத்தனை பெட்டைகளும் அதற்கே அடித்துக்கொள்ளும், ஒன்றின் குஞ்சை இன்னொன்று கொத்திக் கொன்றுவிடும். கயிற்றை வைத்து அளந்து அளந்து நீ பானை மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பறவைக்கு இவ்வளவு நியாயம் பார்த்தவள், நிலத்தில் உன் பங்கை மட்டும் எப்படி அக்கா விட்டுக்கொடுத்தாய்?

எந்த நிலம் அது? அப்பா குத்தகைக்கு உழுத நிலம். குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் மிராசுதார் விடவில்லை. வெளியூர் ஆட்களை அரிவாளோடு கொண்டுவந்து நம் வயலில் இறக்கினார். அப்பா அன்று தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளைந்த கதிருக்குள் இறங்கி நின்றாய். உன்னைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா இறங்கினாள், தெருப் பெண்கள் இறங்கினார்கள். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உன் தம்பி, என் அண்ணன் இளங்கோ, அப்போது அம்மாவின் இடுப்பில் விரல் சூப்பிக்கொண்டிருந்தான். நான் பிறக்கவே இல்லை. அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினாள்.

பிறகு சமரசமாகி நிலம் அப்பா பெயருக்கு வந்தது. அப்பா சடங்கு எதையும் நம்பாத கட்சிக்காரர். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று மேடை மேடையாகத் தொண்டை வறளப் பேசினார். நமக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தார். ஒரு உயில் எழுதி வைக்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் கண்ணை மூடிய வருஷமே உன் தம்பி பத்திரத்தோடு வந்தான். பிறந்த வீட்டு வாசல் நமக்குத் திறந்திருக்க வேண்டுமென்றால் பங்கு வேண்டாம் என்று பெண்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். நீ படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். நான் போடவில்லை. எனக்குப் பொங்கல் சீர் நின்றது. அண்ணன் என்னிடம் பேசுவதும் குறைந்தது. அன்று நீ என் தலையைத் தடவி, "நம்ம தூக்கி வளத்த பயதானே, அவன்கிட்ட போயி என்னத்தக் கேக்குறது" என்றாய். தூக்கி வளர்த்தது நீ. என்னையும் அதில் ஏன் சேர்த்துக்கொண்டாய்?

அத்தான் இறந்துபோய், பிள்ளையும் இல்லாமல் நீ திரும்பி வந்தபோது அந்தப் பயல் உனக்கு எதைக் கொடுத்தான்? கொல்லையில் மாடு கட்டியிருந்த கொட்டகையைக் கொடுத்தான். அதற்கு நீ சுண்ணாம்பு அடித்துக் குடிவந்தாய். கூத்தாநல்லூரில் நீ துணி தைத்துக் கொடுத்த வீட்டார் வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது ஒரு கூண்டையும் இரண்டு ஜோடிப் பறவையையும் உன்னிடம் விட்டுப் போனார்கள். அதிலிருந்து உன் கைச்செலவுக்கு நீ யாரிடமும் நிற்கவில்லை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஆள் நடமாடுகிற அளவுக்குப் பெரிய கூண்டு கட்டினாய். யாராவது கோடியக்கரைக்குப் போனால் கடல் நுரை என்கிற கணவாய் ஓடு பொறுக்கி வரச் சொல்லிக் கம்பியில் செருகி வைப்பாய், பெட்டைகள் கொறித்தால் முட்டை ஓடு கெட்டிப்படும் என்று. சந்தோஷமாகத்தான் இருந்தாய். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மாசியில் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாய். உனக்காக எதுவும் கேட்கவில்லை. "குஞ்சு பறக்குற வரைக்கும் பானையத் தொடாதீங்க" என்றாய். அண்ணன் உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். அழுதான் கூட.

கருமாதி அன்று நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தோம். கொல்லையில் உனக்குச் சோறு படைத்து, இலையை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர்க் காக்கை அத்தனையும் வந்து மதிலிலும் கரண்டுக் கம்பியிலும் உட்கார்ந்திருக்கிறது. அப்போது பெரியப்பா, போன உயிர் நிம்மதியாகப் போக வேண்டும், அவள் அடைத்து வைத்ததைத் திறந்து விடு என்று சொல்ல, உன் தம்பி கூண்டுக்கு ஒரு சூடம் காட்டிவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறான். எல்லோரும் கைகூப்பி நின்றார்களாம். அப்பா இருந்திருந்தால் அந்த இலையையே போட விட்டிருக்க மாட்டார்.

நான் ஈரப் புடவையோடு வந்தபோது காக்கைகள் சோற்றை விட்டுவிட்டு உன் பறவைகளைத் துரத்திக்கொண்டிருந்தன. கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்தவை அவை. ஒளிந்துகொள்ளத் தெரியவில்லை. வெட்டவெளியில் மதில் மேல் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. நீலப் பறவை ஒன்றை ஒரு காக்கை என் கண்ணெதிரிலேயே கொத்திக்கொண்டு போனது. அக்காவே காக்கையாக வந்துவிட்டாள் என்று யாரோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளை நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல்.

பானைக்குள் இருந்த பெட்டைகள் மட்டும், கதவு திறந்திருந்தும் வெளியே வரவில்லை. அவற்றை அப்படியே உள்ளே விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் பிழைத்திருக்கும். உன் தம்பி பானைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே வீசிக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன்.

"உள்ள குஞ்சு இருக்குண்ணே. அக்கா உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"பட்சிய அடச்சு வச்ச பாவம் அவளோட போவட்டும்னுதான் தொறந்து விட்டேன். புண்ணிய காரியத்துல வந்து நிக்காத."

அவன் பொய் சொல்லவில்லை அக்கா. பாதி நம்பித்தான் செய்தான். மீதிப் பாதி என்ன என்று பதினைந்து நாளில் தெரிந்தது. கொட்டகையையும் கூண்டையும் இடித்துவிட்டுச் சிமெண்டுத் தரை போட்டு, புது டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

பானைகளை அன்றே ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆண் பறவை ஊட்டி, பெட்டை வாங்கி, குஞ்சுக்கு ஊட்ட வேண்டியதை நானும் கயலும் செய்தோம். தினையை அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஊசி மாட்டாத சிரிஞ்சில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக ஊட்டினோம். கண் திறக்காதவை ஒன்றுகூடத் தங்கவில்லை. கொஞ்சம் இறகு முளைத்தவைதான் தப்பின. வெளியே பறந்ததில் மஞ்சள் பெட்டை ஒன்றை மறுநாள் நம் வயல் வரப்பில் பார்த்தேன். சுற்றிலும் அறுவடையில் சிந்திய நெல் கிடக்கிறது. எடுத்துத் தின்னத் தெரியாமல் நடுவில் செத்துக் கிடந்தது. உனக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே இருந்தது இதுதான் என்று நினைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அதற்கப்புறம் பங்காளிகளை உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன். நான் எழுதிக் கொடுக்கவில்லை, என் பங்கு வேண்டும், அதுவும் அந்தக் கொல்லைதான் வேண்டும் என்றேன். நீ இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாய். பெரியப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் மட்டும் என்னை நேராகப் பார்த்து, "தமிழரசி ஒரு நாளு கேட்டுருக்குமா? அது பொம்பள" என்றான். இத்தனை வருஷம் நீ கேட்காமல் இருந்ததை எடுத்து என்னை அடித்தான் பார். உன் மேல் எனக்குள்ள கோபம் எதற்கு என்று இப்போதாவது புரிகிறதா?

நன்னிலம் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. வக்கீல், இன்று பிறந்த பிள்ளை வளர்ந்து பெரிதாகும் வரை இழுக்கும் என்கிறார். இழுக்கட்டும்.

ஆவணியில் கயலுக்குக் கல்யாணம். அது தெரிந்துதான் போன வாரம் அண்ணன் அண்ணியை அனுப்பியிருந்தான். வழக்கை வாபஸ் வாங்கினால் தாய்மாமனாக வந்து நின்று சீர் செய்வானாம். இல்லையென்றால் தாய்மாமன் இல்லாத கல்யாணம் என்று ஊர் பேசட்டும் என்றானாம். அண்ணி நல்லவள்தான், சொல்லும்போதே கண் கலங்கினாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கயல்தான் பதில் சொன்னாள். காபியை அண்ணி கையில் கொடுத்துக்கொண்டே, "மாமா எடத்துல பெரியம்மா போட்டோவ வச்சுக்கறோம் அத்தை" என்றாள். தாலி இழந்தவள் என்று எந்தக் கல்யாணத்திலும் உன்னைத் தூணுக்குப் பின்னால்தான் நிற்க வைத்தார்கள். நம் வீட்டில் இரண்டு வளைகாப்பு நடந்தது, இரண்டிலும் நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணி காபியை முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள்.

அதனால் இது என் சத்தியம். கேட்டு வாங்காததற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை, வழக்கையும் திரும்ப வாங்க மாட்டேன். ஆவணியில் மேடையில் தாய்மாமன் நிற்கிற இடத்தில் உன் படம் இருக்கும். முதல் மாலை உனக்கு. சீர்த்தட்டை எடுத்து வைக்கும்போது யார் சீர் என்று சபையில் கேட்பார்கள். தமிழரசி சீர் என்று நான்தான் உரக்கச் சொல்வேன். அன்றைக்காவது பின்னால் நகராமல் நில்.

உன் கூடப் பிறந்தவள்,
பூங்கொடி